“எந்த மாச வருமானம், பாப்பா?” ஆய்வேடு எழுதுகிறவர்களுக்காக ஓர் இழை

கேள்வி, 12 டிசம்பர் 2024
நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் எம்.ஏ. பொருளியல் மாணவர்

கடைசி செமஸ்டரில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். சீனியர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள். பழைய ப்ராஜெக்ட் ஒன்றை எடு, ஊர்ப் பெயரை மாற்று, கேள்வித்தாளை நீயே உட்கார்ந்து நிரப்பு, டிடிபி சென்டரில் கொடு, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தலையாட்டு. இது வெறும் சடங்கு. இதற்கு எதற்கு ஐந்து மாதம்? நெறியாளர்கள் இதைப் படிக்கிறார்களா என்பதே சந்தேகம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

12 டிசம்பர் 2024, இரவு

மறுக்கிறேன் தம்பி. கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் பதினெட்டு ஆண்டுகளாகப் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருடத்துக்கு ஆறேழு ஆய்வேடுகள் என் கையெழுத்தோடு போகின்றன. எல்லாவற்றையும் படிக்கிறேன். பென்சிலோடு படிக்கிறேன்.

நீங்கள் சொல்வது நடக்கிறது, அது எனக்கும் தெரியும். ஊர்ப் பெயரை மாற்றிய ஆய்வேடு என் மேசைக்கும் வந்திருக்கிறது. உள்ளே 37ஆம் பக்கத்தில் மட்டும் பழைய ஊர் மாறாமல் நின்றிருந்தது. அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்று வருட யுஜி, இரண்டு வருட பிஜி, இந்த ஐந்து வருடத்தில் ஒருவரும் அவனிடம் “உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?” என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவன் டிடிபி கடைக்குப் போயிருக்க மாட்டான். அந்த ஐந்து மாதம் அந்தக் கேள்விக்காகத்தான்.

14 டிசம்பர் 2024

தலைப்பை அனுப்பியிருக்கிறீர்கள்: “கடலூர் மாவட்டக் கரும்பு வெட்டும் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு.”

கடலூர் மாவட்டம் என்றால் பண்ருட்டியிலிருந்து காட்டுமன்னார்கோவில் வரை. எத்தனை பஸ் ஏறுவீர்கள்? “சமூகப் பொருளாதார நிலை” என்ற சொற்களுக்குள் கூலி, கடன், வீடு, படிப்பு, குடி, உடம்பு எல்லாம் அடங்கும். எல்லாவற்றையும் தொட்டால் எதையும் பிடிக்க முடியாது.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை ஊர். வெட்டு நடக்கும்போது வண்டி சத்தத்திலேயே தூங்கி எழுந்தவர் நீங்கள். அந்த ஆட்களைப் பற்றி உங்களுக்கு இதுவரை புரியாத ஒரு விஷயம் என்ன? அதை ஒரே வாக்கியத்தில், கேள்விக்குறியோடு, பேச்சுத்தமிழில் எழுதி அனுப்புங்கள். தலைப்பு அப்புறம் தானாக வரும்.

15 டிசம்பர் 2024

தம்பியின் பதில் வந்தது: “மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கிட்டு வர்றாங்களே, சீசன் முடியும்போது அது தீருதா, இல்ல அடுத்த வருசத்துக்கும் நிக்குதா?”

மேஸ்திரி என்பது வெட்டுக்கு ஆள் சேர்த்து வருகிறவர். இந்தக் கேள்வி போதும். இதற்கு ஐந்து மாதம் பத்தாது என்றுகூடச் சொல்வேன்.

21 டிசம்பர் 2024

இந்த ஆண்டு என் மாணவிகளில் ஒருத்தி தேவனாம்பட்டினம். பாட்டி மீன் விற்றவர், அம்மா விற்கிறார். தலைப்பு மீன் விற்கும் பெண்களின் வருமானம். 28 கேள்விகளோடு ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தாள். ஏழாவது கேள்வி: “தங்களின் மாத வருமானம்? அ. 5,000க்குக் கீழ், ஆ. 5,000 முதல் 10,000 வரை...”

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் வேறு. கடல் அடங்கிப் படகுகள் திரும்பப் போக ஆரம்பித்த பிறகு, விடியற்காலை ஏலத்துக்கு அவளோடு கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு நானும் போனேன். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவிடம் ஏழாவது கேள்வியைக் கேட்டாள். அந்த அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னது இது:

“எந்த மாசம், பாப்பா? புயல் வந்த மாசமா, தடைக்கால மாசமா, நெத்திலி வுழுவுற மாசமா? எத எழுதிக்கப் போற?”

பாப்பா பேனாவை மூடிவிட்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். ஆய்வு அந்த ஐஸ் பெட்டி மேல்தான் ஆரம்பித்தது.

மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, நேற்றைய ஒரு நாளை மட்டும் கேட்பது என்று மாற்றினோம். எவ்வளவுக்கு ஏலம் எடுத்தீங்க, ஆட்டோவில் உங்க பங்கு எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, சந்தையில் இடத்துக்கு எவ்வளவு, மொத்தமா வித்தது எவ்வளவு, தண்டல்காரருக்கு, அதாவது அன்றாடம் வந்து வசூலிக்கும் கடன்காரருக்கு, கொடுத்தது எவ்வளவு. முதல் கணக்கு இப்படி வந்தது: ஏலம் 2,400, ஆட்டோ 80, ஐஸ் 60, இடம் 20. விற்றது 3,050. மிச்சம் 490. தண்டல் 200. வீட்டுக்குப் போனது 290.

“5,000 முதல் 10,000 வரை” என்ற கட்டத்துக்குள் இந்தத் தண்டல் எங்கே தெரியும்?

22 டிசம்பர் 2024

“அப்போ கேள்வித்தாளே வேண்டாமா” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டும். ஆனால் அச்சடிப்பதற்கு முன் நாலைந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். முன்னோட்ட ஆய்வு என்று பாடத்தில் படித்தது இதைத்தான். நூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்த பிறகு கேள்வியை மாற்ற யாருக்கும் மனசு வராது.

இன்னொன்று. என் மாணவி “எந்தப் படகில் மீன் எடுத்தீங்க” என்றும் ஒரு கேள்வி வைத்திருந்தாள். கேட்டதும் கூட்டம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. இந்தக் கரையில், மீன் கூட்டத்தை மொத்தமாக வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலை பெரிய சிக்கல். தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டிலேயே தடை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரியில் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி வந்தது. அப்படியிருக்க, படகைக் காட்டிக்கொடுக்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்? சொன்னாலும் அதை நாம் எழுதலாமா? எடுத்துவிட்டோம். பெயர்களையும் எடுத்துவிட்டு எண் கொடுத்தோம். பதில் சொன்னவருக்கு நம் ஆய்வேட்டால் ஒரு தொந்தரவும் வரக்கூடாது. இந்த ஒன்றில் நான் மிகக் கண்டிப்பு.

5 ஜனவரி 2025

களக்குறிப்பு எப்படி எழுதுவது என்று தம்பி கேட்கிறார். ஆள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அதில் சில பக்கங்களை வகுப்பில் வாசிக்க வைப்பேன். நாள், வேளை, யார் வந்து சொன்னார்கள், எந்தக் கப்பல் வந்தது, ஊரில் என்ன பேச்சு. தாம் பார்த்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று வாசிக்கிற நமக்குப் பிடிபடுகிறது. ஆய்வு மாணவருக்கு வேண்டியது இந்த ஒரு பழக்கம்தான்.

கோடு போட்ட சின்ன நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இடது பக்கம் பார்த்ததும் கேட்டதும், அவர்கள் சொன்ன சொல்லிலேயே. வலது பக்கம் உங்களுக்குத் தோன்றியது. இரண்டையும் கலக்க வேண்டாம். அன்றன்றைக்கு இரவே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் அவர்கள் சொன்ன சொல் போய்விடும், உங்கள் சொல்தான் மிஞ்சும்.

போனில் குரலைப் பதிவு செய்யலாமா? அவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆனால் பதிவு ஓடுகிறது என்றதும் நம் ஊர்ப் பெண்கள் செய்தி வாசிப்பதுபோல் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நோட்டே மேல்.

19 ஜனவரி 2025

இரண்டாம் இயல், முன்னாய்வுகள். எல்லா ஆய்வேட்டிலும் செத்துக் கிடப்பது இந்த இயல்தான். “அவர் இந்த ஆண்டில் இதைக் கூறினார். இவர் அந்த ஆண்டில் அதைக் கூறினார்.” முப்பது பத்தி, முப்பது பேர், ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால் வழியில் அரியாங்குப்பம் வரும். அங்கே இறங்கினால் ஆற்றங்கரையில் அரிக்கமேடு, பழங்காலத் துறைமுக ஊர். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே தோண்டினார். ரோமானிய வணிகத்தை வைத்து அந்த ஊரின் காலத்தைக் கணித்தார். கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி இருநூறு ஆண்டு அளவுக்கு இருந்த ஊர் என்றார். பல ஆண்டுகள் அதுவே பாடம். பிறகு விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை அதே இடத்தில் தோண்டி, ரோமானியப் பொருள்கள் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, பிறகும் நெடுங்காலம் இருந்தது என்று காட்டினார். வீலரின் பானை ஓடுகளையும் அவர் தூக்கிப் போடவில்லை, மறுபடி எடுத்துப் பார்த்தார்.

முன்னாய்வு இயல் எழுதுவதென்றால் இதுதான். முன்னவர் எதை வைத்து அப்படிச் சொன்னார், அவருக்கு எது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, நான் எந்த இடத்தில் மறுபடி தோண்டப் போகிறேன். வரலாற்றுத் துறை மாணவருக்கு மட்டுமல்ல, கரும்பு வெட்டுக்கும் மீன் கூடைக்கும் இதே வழிதான். முப்பது பேர் வேண்டாம், ஆறு பேர் போதும், ஆனால் ஆறையும் முழுதாகப் படித்திருக்க வேண்டும்.

எங்கே தேடுவது? சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகளை காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் சேர்த்து வைத்திருக்கும் தளம். காசு கிடையாது. தமிழில் எழுதிய ஆய்வேடுகளும் நிறைய உண்டு.

20 ஜனவரி 2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். “ஆறு பேர் போதும்” என்றதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் “எங்க டிபார்ட்மென்டில் குறைந்தது இருபது வேண்டும் என்கிறார்கள் மேடம்” என்று எழுதியிருக்கிறார். துறை கேட்டால் இருபது கொடுங்கள், மதிப்பெண் அவர்கள் கையில் இருக்கிறது. ஆறை விரித்து எழுதுங்கள், பதினான்கை இரண்டு பத்தியில் சேர்த்துச் சொல்லுங்கள். படிக்காததைப் படித்ததாக மட்டும் எழுத வேண்டாம்.

9 பிப்ரவரி 2025

மனசு கனத்த வாரம். நன்றாகப் படிக்கிற பையன் ஒருவன் இரண்டாம் இயலைக் கொண்டுவந்தான். பிழையே இல்லாத தமிழ். ஆனால் அவன் தமிழ் இல்லை. ஒரு பக்கத்தில், பண்ருட்டி முந்திரி உடைக்கும் பெண்களைப் பற்றிய ஒரு கட்டுரையை, ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண்ணோடு மேற்கோள் காட்டியிருந்தான். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. “இத நான் படிச்சதே இல்லப்பா, நாளைக்கு எடுத்துட்டு வா” என்றேன்.

மூன்று நாள் தேடியிருக்கிறான். அப்படி ஒரு கட்டுரையே இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று கொடுத்ததை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறான். இல்லாத நூலை இருப்பதுபோலவே எழுதிக்கொடுக்கும் அது.

அவன் கண் கலங்கி நின்றான். “பண்ருட்டியில உங்க அத்தை வீடு இருக்குல்ல?” என்று கேட்டேன். இருக்கிறது. அந்த வாரக் கடைசியில் அங்கே போய், முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தான். கொட்டைப் பால் பட்டுத் தோல் உரிந்த விரல்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவந்தான். மூன்று எழுத்துப் பிழை. ஒவ்வொரு வரியும் அவனுடையது. அதைத் திருத்தும்போது எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

10 பிப்ரவரி 2025

எழுத்துத் திருட்டு பத்து சதவீதத்தைத் தாண்டினால் பதிவு ரத்து.

11 பிப்ரவரி 2025

நேற்று அவசரத்தில் ஒரே வரியில் போட்டது தவறு. திருத்திக்கொள்கிறேன், இதனால் யாரும் பயந்திருந்தால் மன்னியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால்தான் பதிவு ரத்து. முறையாக மேற்கோள் காட்டிய பகுதி, துணைநூற்பட்டியல், நன்றியுரை, சட்ட வாசகங்கள் இவையெல்லாம் கணக்கில் வராது.

ஆனால் 9.8 வந்துவிட்டது என்று சந்தோஷப்படும் மாணவரைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். ஒப்புமை பார்க்கும் மென்பொருள் சொற்களை மட்டும் ஒப்பிடும். ஒருவரின் கருத்தை எடுத்துச் சொற்களை மாற்றிப் போட்டால் அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே.

2 மார்ச் 2025

கணக்கு. மீன் விற்கும் முப்பது பெண்கள், ஆளுக்கு மூன்று நாள், மொத்தம் தொண்ணூறு நாள் கணக்கு கைக்கு வந்துவிட்டது. மாணவி அட்டவணை போட்டு வந்தாள்: “36.67 சதவீதத்தினர் தண்டல் கடன் பெற்றுள்ளனர்.”

முப்பதில் 36.67 சதவீதம் என்றால் பதினோரு பேர். பதினோரு பேர் என்றே எழுது என்றேன். “சதவீதம் போட்டாதான் ஆய்வு மாதிரி இருக்கும் மேடம்.” முப்பது பேரில் ஒருவர் மாறினாலே மூன்று சதவீதத்துக்கு மேல் நகர்ந்துவிடும், அங்கே புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் எதற்கு? பதினோரு பேர் என்றால் வாசிப்பவருக்குப் பதினோரு முகம் தெரியும்.

கை வர்க்கச் சோதனை (chi-square, இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) போடச் சொல்லிப் பக்கத்துத் துறையில் ஒருவர் சொன்னாராம். ஆறு கட்டமாகப் பிரித்தால் முப்பது பேருக்குக் கட்டத்துக்குச் சராசரி ஐந்துதான் வரும். எதிர்பார்ப்பு எண் ஐந்துக்குக் கீழே போகும் கட்டங்கள் வந்தால் அந்தச் சோதனையின் முடிவை நம்ப முடியாது. போடவில்லை. ஏன் போடவில்லை என்று ஆய்வுமுறையைச் சொல்லும் மூன்றாம் இயலில் நாலு வரி எழுதச் சொன்னேன்.

16 மார்ச் 2025

எந்த இயலை முதலில் எழுதுவது? முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள் என்றுதான் பல வருடமாகச் சொல்லிவந்தேன். இப்போது மாற்றிக்கொண்டேன். முன்னுரையை முதலிலேயே ஒருமுறை, ஒரே பக்கத்தில், மோசமாகவே இருந்தாலும் எழுதிவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்கள் என்ன கற்றீர்கள் என்பது தெரியும். வைவாவில் “இதில் நீ என்ன கண்டுபிடிச்ச?” என்று கேட்டால் பதில் அங்கேதான் இருக்கிறது.

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்பவர்களுக்கு: களத்தில் கண்டதைச் சொல்லும் நாலாம் இயலில் தொடங்குங்கள். பார்த்ததை எழுத யாருக்கும் தயக்கம் வராது.

தம்பி, “நான்” என்று எழுதலாமா, “ஆய்வாளர்” என்றுதான் எழுத வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் பக்கம் “ஆய்வாளர்” என்பதே வழக்கம். களத்தில் நடந்ததைச் சொல்லும் இடத்தில் மட்டும் “நான்” என்று எழுத என் மாணவர்களை விடுகிறேன். புறத்தேர்வாளர் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

23 மார்ச் 2025

எழுத்துரு. தயவுசெய்து யுனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். போன வருடம் ஒரு மாணவி டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கினாள். கல்லூரிக் கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழே இல்லை, நூற்றுப்பத்து பக்கமும் ஆங்கில எழுத்துக் குப்பை. மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறி, இரண்டு இரவு தூங்காமல் திருத்தினாள். தமிழ்நாடு அரசு 2010இலேயே யுனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. போனில் தட்டச்சு செய்கிற வேகத்தில் கம்ப்யூட்டரிலும் அடிக்கலாம், தமிழ்99 விசைப்பலகை பழக இரண்டு வாரம் போதும்.

பைண்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். ஏப்ரலில் எல்லாக் கல்லூரியும் ஒரே கடைக்குத்தான் வரும்.

6 ஏப்ரல் 2025

வைவா ஒத்திகை. காலி வகுப்பறை, மேலே மின்விசிறி கடகடக்கிறது. மாணவி 27 ஸ்லைடு கொண்டுவந்தாள். கிடைப்பது பத்து நிமிடம். ஒவ்வொன்றிலும் பத்தி பத்தியாக எழுத்து, அதைப் பார்த்துத் திரும்பி நின்று வாசிக்கிறாள். குரலே வேறு.

கம்ப்யூட்டரை மூடச் சொன்னேன். “இத உங்க பக்கத்து வீட்டு அக்காகிட்ட எப்படிச் சொல்லுவ?” முதலில் தயங்கினாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். “290 ரூபா கையில நிக்குதுன்னு கேட்டப்ப நம்பல மேடம். எங்க அம்மா கணக்கையும் போட்டுப் பாத்தேன்...” நான்கே நிமிடத்தில் மொத்த ஆய்வேடும் வந்துவிட்டது. அதை எழுத்துத் தமிழுக்குக் கொஞ்சம் இழுத்து, ஏழு ஸ்லைடு வைத்தோம். ஒன்றில் அந்த ஒரு நாள் கணக்கு மட்டும், பெரிய எழுத்தில். ஒன்றில் அன்னக்கூடையின் படம். ஆள் முகம் இல்லை.

தெரியாத கேள்வி வந்தால்? “அதை நான் பார்க்கவில்லை ஐயா, என் தரவில் இல்லை” என்று நிமிர்ந்து சொல்லிப் பழகு என்று ஐந்து முறை சொல்ல வைத்தேன். மாணவர்கள் மிகவும் பயப்படுவது இந்த வாக்கியத்துக்குத்தான்.

11 ஏப்ரல் 2025

வைவா முடிந்தது. புறத்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: “ஏன் முப்பது பேர் மட்டும்?” அவள் பதில்: “முப்பது பேரிடம் மூன்று நாள் போனேன் ஐயா. தொண்ணூறு பேரிடம் ஒரு நாள் போயிருந்தால், முதல் நாள் சொல்லாத தண்டல் கணக்கை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பதினோரு பேரில் எட்டு பேர் மூன்றாம் நாள்தான் சொன்னார்கள்.”

இதை நான் சொல்லித்தரவில்லை. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

18 ஏப்ரல் 2025

தம்பி, உங்கள் வைவாவும் முடிந்தது என்று பார்த்தேன். இருபத்திரண்டு பேரில் பதினாறு பேருக்கு முன்பணம் தீரவில்லை என்ற அட்டவணையை அனுப்பியதற்கு நன்றி. நான்காம் பக்கத்தில் “மேஸ்திரி சுரண்டுகிறார்” என்று எழுதியதை எடுக்கச் சொன்னேன், நீங்கள் எடுக்கவில்லை. மேஸ்திரியிடமும் பேசினீர்களா என்று இன்னொரு முறை யோசியுங்கள். அவருக்கு முன்பணம் யார் தருகிறார்கள் என்பது உங்கள் ஆய்வேட்டில் இல்லை. பிஎச்.டி.க்குப் போகும் எண்ணம் இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

27 ஏப்ரல் 2025

ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன, சின்னப் படகுகள் மட்டும் போய்வருகின்றன. என் மாணவி தன் பிரதியை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினத்துப் பெண்களிடம் போயிருக்கிறாள். வேலை குறைந்த நாள் என்பதால் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐஸ் பெட்டி அம்மாவும் வந்திருந்தாராம். 41ஆம் பக்கத்தில் தன் கணக்கைக் கேட்டுவிட்டு, “ஆட்டோ எண்பது இல்ல பாப்பா, பொங்கலோட நூறு ஆயிடுச்சி. அடிச்சி எழுது” என்றாராம்.

அட்டவணைக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் 100 என்று எழுதி, கீழே தேதியும் போட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.